சரிவு நிலத்துக்கு ஒரு பழைய டிராக்டர்: டோங்காட் அருகே ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் வடகரையில், டோங்காட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கம் மேடேறும் சாலையை ஒட்டி நாலரை ஹெக்டேர் நிலம். நெடுநாள் கரும்புக்குக் குத்தகைக்குப் போயிருந்தது. உரிமையாளர் பள்ளி ஆசிரியர். ஓய்வு பெற்றதும் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். வீட்டுச் செலவு ஓய்வூதியத்தில் நடக்கிறது, நிலத்தை நம்பி இல்லை. ஆனால் சும்மா போட்டால் இரண்டு கோடைக்குள் கினிப்புல்லும் உண்ணிச்செடியும் ஆள் உயரம் ஏறிவிடும். டர்பனில் வேலை பார்க்கும் மருமகன் சனி, ஞாயிறு வந்து கைகொடுப்பார். வரவு செலவுக் கணக்கு மகளுடையது.

ஓடையை ஒட்டிய ஒரு ஹெக்டேர் சமநிலம். அதில் பீன்ஸ், கத்தரி, மிளகாய், மதும்பிக் கிழங்கு (சேப்பங்கிழங்கு). அதற்கு மேலே அரை ஹெக்டேரில் லிச்சியும் மாவும். மீதி மூன்று ஹெக்டேர் முழுக்கச் சரிவு. பெரும்பகுதியில் 8 முதல் 10 டிகிரி, மேற்கு மூலையில் 14 டிகிரி. கடைசியில் டிராக்டரைத் தீர்மானித்தது இந்தச் சரிவுதான். பார்க்கக் கிளம்பியபோது வீட்டில் யாரும் அதை முதல் கேள்வியாக வைத்திருக்கவில்லை.

முதல் ஆண்டு வாடகை டிராக்டரை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கரும்பு ஆலைகள் ஏப்ரல் வாக்கில் அரைவையைத் தொடங்கினால் டிசம்பர் வரை ஓடும். காய்கறி நிலத்தை உழ வேண்டிய செப்டம்பர், அக்டோபரில் வாடகை டிராக்டரெல்லாம் கரும்பு இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு ஹெக்டேர்க்காரர் வரிசையில் கடைசி. அந்த ஆண்டு உழவு மூன்று வாரம் தள்ளிப்போய், மழை பிடித்த பிறகு சேற்றில் நடந்தது. களிமண் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, பீன்ஸ் பாதிக்கூட முளைக்கவில்லை.

எவ்வளவு வேலை என்ற கணக்கு

மகள் முதலில் மணிக்கணக்குப் போட்டார். கைவசம் இருந்த ஸ்லாஷர், அதாவது டிராக்டருக்குப் பின்னால் பூட்டும் புல்வெட்டி, 1.2 மீட்டர் அகலம். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் கணக்குப்படி 0.48 ஹெக்டேர் வெட்ட வேண்டும். திருப்பம், மேடு, கல் எல்லாம் கழித்தால் 0.35தான் வரும். இரண்டு ஹெக்டேர் புல்லுக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம். கோடையில் ஆறு தடவை. உழவு, வட்டுக்கலப்பை, எரு இழுப்பு, மருந்துத் தெளிப்பு எல்லாம் சேர்த்தாலும் ஆண்டுக்கு 100 மணியைச் சுற்றித்தான் வந்தது.

100 மணி வேலைக்குப் புது டிராக்டர் வாங்கினால் வேலையைவிடத் தேய்மானம் அதிகம். புதுசாகக் கிடைத்த 25 குதிரைத்திறன் சிறு வண்டிகள் விலையிலும் கட்டுப்படியாகவில்லை. இரட்டைக் கொழுக் கலப்பையை இந்தக் களிமண்ணில் இழுக்கும் எடையும் அவற்றில் இல்லை. ஆகவே 40 முதல் 50 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர் டீசல், பின்சக்கர ஓட்டம் கொண்ட பழைய வண்டி என்று முடிவாயிற்று.

மொத்தம் 1,20,000 ரேண்ட் ஒதுக்கினார்கள். அதில் வண்டிக்கு 85,000க்கு மேல் போவதில்லை. மீதி, வாங்கிய கையோடு வரும் பழுதுக்கு. பழைய டிராக்டர் வாங்குபவர்கள் பெரும்பாலும் கையில் இருப்பதையெல்லாம் விலையிலேயே கொட்டிவிட்டு, பிறகு பிரேக் இல்லாமல் ஓட்டுகிறார்கள். இந்தக் குடும்பம் எடுத்த முடிவுகளில் சிறந்தது இதுதான் என்பது எங்கள் கருத்து.

உதிரிபாகமும் பேசப்பட்டது. மாசி பெர்குசன் 135 இங்கிலாந்தில் 1964 முதல் 1975 வரை செய்யப்பட்ட வண்டி. அதிலுள்ள 2.5 லிட்டர் பெர்க்கின்ஸ் எஞ்சினுக்கு ஐம்பது ஆண்டு கழித்தும் பிஸ்டன், லைனர், சீல் எல்லாம் தட்டுப்பாடின்றிக் கிடைக்கிறது. அந்தக் குடும்பத்து எஞ்சின்களைப் பல நாடுகள் உரிமம் வாங்கிச் செய்ததுதான் காரணம். சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் ஆலையிலிருந்து வந்த டிராக்டர் எஞ்சின்களும் இதே பெர்க்கின்ஸ் வழிதான். தென்னாப்பிரிக்காவிலேயே 1980களில் கேப் டவுனுக்கு வடக்கே அட்லாண்டிஸில் ஏ.டி.இ. என்ற பெயரில் பெர்க்கின்ஸ், மெர்சிடிஸ் எஞ்சின்கள் உரிமத்தில் செய்யப்பட்டன. இந்த ஏ.டி.இ. பின்னால் மறுபடி வரும்.

முதல் வண்டி: பளபளக்கும் 135

விற்பனை முற்றம் ஒன்றில் 95,000 ரேண்ட். ஒதுக்கியதற்கு மேல்தான்; இருந்தாலும் பார்க்கப் போனார்கள். சிவப்புப் பெயின்ட் ஈரம் காயாதது போல் மின்னியது. ரப்பர் ஹோஸ், கிரீஸ் நிப்பிள், எண் தகடு எதையும் விடாமல் பெயின்ட் அடித்திருந்தார்கள். நிப்பிளை மூடிப் பெயின்ட் இருந்தால் அதற்குப் பிறகு அந்த இடத்துக்குக் கிரீஸ் போகவில்லை என்று பொருள். இன்னொன்று, கசிவு எங்கே என்பதைப் புதுப் பெயின்ட் சில வாரமாவது மறைத்துவிடும்.

இவர்கள் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. தேய்ந்த டீசல் எஞ்சினின் குணம் குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதுதான் தெரியும். முன்கூட்டியே ஓட விட்டால் அந்தச் சோதனை போய்விடும்.

இந்த வண்டியில் மல்டி-பவர் இருந்தது. சாதாரண 135க்கு 6 முன் கியர். மல்டி-பவர் இருந்தால் 12. டாஷ்போர்டு நெம்புகோலைத் தட்டினால் கிளட்ச் மிதிக்காமலே ஒவ்வொரு கியரிலும் வேகம் கூடும், குறையும். சமநிலத்தில் அருமையான வசதி. ஆனால் "லோ" நிலையில் ஓட்டம் ஒருவழிக் கிளட்ச் வழியாகப் போகிறது. எஞ்சின் சக்கரத்தைத் தள்ளும், சக்கரம் எஞ்சினைத் தள்ளாது. இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தாது. சைக்கிளில் பெடல் மிதிப்பதை விட்டால் ஓடுவது போல வண்டி தானே ஓடும். கியரில் போட்டு நிறுத்திவிட்டு இறங்கினாலும் உருளும்.

முற்றத்துக்கு வெளியே இருந்த இறக்கத்தில் மருமகன் ஓட்டிப் பார்த்தார். லோவில் வண்டி வேகம் எடுத்தது. விற்பவர், "இறக்கத்தில ஹையில வைங்க, பிடிக்கும்" என்றார். சொன்னது பொய்யில்லை. ஹையில் ஓட்டம் எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கும் கிளட்ச் தட்டுகள் வழியாகப் போகும். ஆனால் எஞ்சின் அணைந்தால் அழுத்தம் போய்விடும். தட்டு தேய்ந்திருந்தால் அழுத்தம் இருந்தும் பிடிக்காது. இந்த வண்டியில் லோவிலிருந்து ஹைக்கு மாற்றிய பிறகு இழுவை வர இரண்டு விநாடி ஆயிற்று. தட்டு தேய்ந்திருக்க வேண்டும், அல்லது பம்ப் பலம் குறைந்திருக்க வேண்டும்.

பின்கையில், அதாவது கருவிகளைத் தூக்கும் பின்பக்க ஹைட்ராலிக் கைகளில், ஒரு கலப்பையை மாட்டித் தூக்கினார்கள். எஞ்சின் ஓடும்போது கைகள் நிலையாக நிற்காமல் சில விநாடிக்கு ஒருமுறை தலையாட்டின. உள்ளே எண்ணெய் கசிந்து இறங்க, பம்ப் மறுபடி தூக்க, மறுபடி இறங்கும், தலையாட்டம் அதனால்தான். எஞ்சினை அணைத்ததும் 40 விநாடியில் கலப்பை தரையைத் தொட்டது.

"மாமா, இது பெயின்டுக்குச் சொல்ற விலை" என்றார் மருமகன். அந்த வண்டி அத்தோடு விடப்பட்டது.

இரண்டாவது வண்டி: ஃபோர்டு 3000

ஸ்டேங்கருக்கு அப்பால் ஒரு கரும்புத் தோட்டத்தில், 78,000 ரேண்ட். குளிர்ந்த நிலையிலேயே அரைச் சுற்றில் கிளம்பிய நல்ல எஞ்சின். பிரேக்கும் பரவாயில்லை.

தடை இரண்டு. ஒன்று, இந்த வண்டிக்கு ஒற்றைக் கிளட்ச். பி.டி.ஓ., அதாவது ஸ்லாஷர் போன்ற கருவியைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு, கியர்பெட்டியோடு பிணைந்தது. கிளட்சை மிதித்தாலும் சுழலும் ஸ்லாஷர் கத்தியின் வேகம் கியர்பெட்டிக்குத் திரும்பி வந்து வண்டியை முன்னால் தள்ளும். ஓடைக் கரையில் இது வேலிக்குள்ளோ தண்ணீருக்குள்ளோ கொண்டுபோய் விடும். பி.டி.ஓ. தண்டில் ஒருவழிக் கப்ளிங் மாட்டினால் இந்தத் தள்ளல் தீரும், செலவும் பெரிதில்லை. ஆனால் வெட்டும்போது புல் அடர்ந்த இடத்தில் வண்டியை நிறுத்தினால் கத்தியும் நின்றுபோவது தீராது.

இரண்டாவதுதான் முடிவுகட்டியது. ரேடியேட்டரில் தண்ணீர் இரண்டு அங்குலம் குறைவு. வெளியே கசிவு எங்கும் இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பழுப்பு நிறப் பாலாடை ஒட்டியிருந்தது. இந்த ஃபோர்டு எஞ்சின்களில் சிலிண்டருக்குத் தனி லைனர் கிடையாது, பிளாக்கிலேயே துளையிட்டது. நீர்ப்பக்கம் சுவர் அரித்து ஊசித்துளை விழுந்தால் பிளாக்கைக் கடைந்து லைனர் அடிக்க வேண்டியிருக்கும். மூடியில் பாலாடை என்பது குறைந்த நேரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் படியலாம். தண்ணீர் குறைவும் அதுவும் ஒன்றாக வந்ததால் அவர்கள் துணியவில்லை.

மூன்றாவது வண்டி: மங்கிய 135

வெருலத்தில் காய்கறி பயிரிட்டு ஓய்ந்த ஒருவரிடம் இருந்தது. 82,000 ரேண்ட் கேட்டார். மல்டி-பவர் இல்லாத, 6 கியர், இரட்டைக் கிளட்ச் வண்டி. பெயின்ட் வெளுத்து ஆரஞ்சாகியிருந்தது. மாமரத்தடியில் திறந்த வெளியில் நின்றது. கடற்காற்றில் பேட்டரித் தட்டும் மட்கார்டு அடியும் துருவேறியிருந்தன.

முந்தைய நாளே தொலைபேசியில், "அண்ணே, நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்கள். காலை ஏழு மணிக்கு முன் போய், முதலில் பிளாக்கின் மேல் கைவைத்துப் பார்த்தார்கள். சில்லென்றிருந்தது. இம்முறை ஒரு மெக்கானிக்கும் கூட வந்தார். சோதனை அவர் சொன்ன வரிசையில் நடந்தது.

கிளப்புவதற்கு முன் கியர்பெட்டி அடியிலுள்ள வடிகால் போல்ட்டை முழுதும் கழற்றாமல் ஒரு சுற்று மட்டும் தளர்த்தினார். இரவு முழுக்க அசையாமல் நின்ற வண்டியில் தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் தங்கியிருக்கும். முதலில் அதுதான் வரும். அரைக் கோப்பை தெளிந்த தண்ணீர் சொட்டியது, அதன்பின் கலங்கலான எண்ணெய். மேலே கியர் கம்பியின் ரப்பர் உறை வெடித்திருந்தது. மழை அந்த வழியாக இறங்கியிருக்கிறது. 135இல் கியர்பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய், ஏறத்தாழ 30 லிட்டர். ஆகவே உறையில் ஒரு வெடிப்பு ஹைட்ராலிக் பம்ப்வரை துருவைக் கொண்டுபோகும்.

கிளப்பியதும் ஏழெட்டு விநாடி சுற்றிப் பிடித்தது. வெண்புகை ஒரு நிமிடம் வந்து தெளிந்தது, நீலப்புகை வரவில்லை. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து தலைகீழாக வாய்மேல் வைத்தார். மூடி லேசாக அதிர்ந்தது, எகிறி விழவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் கீழே இறங்கும் புகையழுத்தம் அதைத் தள்ளிவிடும். அரை மணி ஓடிச் சூடான பிறகு வேலை வேகத்தில் எண்ணெய் அழுத்தம் 45 பி.எஸ்.ஐ. 30க்குக் கீழே போனால் வாங்குவதில்லை என்று முன்பே வைத்திருந்தார்கள்.

ஓடு மணி மீட்டரை யாரும் பார்க்கவில்லை. கேபிள் அறுந்து எந்தக் காலமோ. அதற்குப் பதில் மிதிகட்டைகளின் தேய்வு, கீழ்க்கை உருண்டைகளின் ஆட்டம், இழுவைக் கம்பியின் துளை நீண்டு முட்டை வடிவாகியிருக்கிறதா என்பதைப் பார்த்தார்கள். துளை வட்டம் கெடவில்லை. கனத்த டிரெய்லர் அதிகம் இழுத்த வண்டி இல்லை.

பின்கைச் சோதனைக்குக் கொட்டகையிலிருந்த ஸ்லாஷரைப் பூட்டி, அதன்மேல் 50 கிலோ சுண்ணாம்பு மூட்டை எட்டை அடுக்கினார்கள். தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, கை நுனியிலிருந்து தரைக்கு அளவுநாடா பிடித்தார்கள். ஐந்து நிமிடத்தில் 4 சென்டிமீட்டர் இறக்கம். தலையாட்டம் இல்லை. யாரும் தூக்கிய ஸ்லாஷருக்கு அடியில் கை நுழைக்கவில்லை, அளந்தது பக்கவாட்டிலிருந்து.

முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது முன்சக்கரம் திரும்பும் அச்சாணியின் புஷ் (கிங்பின் புஷ்) இரண்டு பக்கமும் தேய்ந்தது தெரிந்தது. இடது பின் டிரம் ஓரத்தில் எண்ணெய் ஈரம். அச்சுத்தண்டு சீல் போய் பிரேக் ஷூவை நனைத்துக்கொண்டிருந்தது. தனித்தனியாக மிதித்தபோது வலது பிரேக் சக்கரத்தைப் பூட்டியது, இடது பூட்டவில்லை. சரிவில் இரண்டையும் சேர்த்து மிதித்தால் வண்டி வலப்பக்கம் வெட்டும்.

ஸ்டார்ட்டர் பாதுகாப்பு ஸ்விட்சைக் கம்பி போட்டு இணைத்திருந்தார்கள். 135இல் ஹை-லோ நெம்புகோல் நடுநிலையில் இருந்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும். இதில் எந்தக் கியரிலும் சுற்றியது. கீழே நின்று சாவியைத் திருகினால் பின்சக்கரம் ஆளின் மேல் ஏறும். பழைய வண்டிகளில் இது சர்வசாதாரணம். சரிசெய்ய ஆகும் செலவு அற்பம்.

இரட்டைக் கிளட்சில் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், ஸ்லாஷர் சுழலும். முழுதும் மிதித்தால் ஸ்லாஷரும் நிற்க வேண்டும். இந்த வண்டியில் முழுதும் மிதித்தபோதும் பி.டி.ஓ. தண்டு மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. மெக்கானிக், "அட்ஜஸ்ட்மென்ட்தான் இருக்கும்" என்றார். எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் கூட்டின் அடித்துளையிலிருந்து பத்து நிமிடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விழுந்ததையும் அவர் குறிப்பில் எழுதினார். இரண்டும் தனித்தனிச் சிறு குறைகளாகவே கணக்கில் போயின.

முடிவும் காரணமும்

மாமனாருக்கு ஃபோர்டின் எஞ்சின் மேல் ஆசை விடவில்லை. மருமகன் மூன்று வண்டிகளின் குறைகளையும் ஒரே தாளில் எழுதி, "நிறுத்துவது", "ஓட்டுவது", "தூக்குவது" என்று பிரித்துக் காட்டினார். வெருலம் வண்டியின் குறைகளில் பெரும்பாலானவை வெளியிலிருந்து கைவைத்துத் தீர்க்கக் கூடியவை: பிரேக் ஷூ, சீல், புஷ், ரப்பர் உறை. முதல் வண்டியின் குறை அமைப்பிலேயே இருந்தது. எவ்வளவு செலவழித்தாலும் லோவில் எஞ்சின் பிடிக்காது. இரண்டாவதின் குறை பிளாக்கின் உள்ளே இருந்தது, திறக்காமல் அதன் ஆழம் தெரியாது.

குறைத்தாளை வைத்துப் பேசியதில் 74,000க்கு முடிந்தது.

கையெழுத்துக்கு முன் மகள் பதிவுச் சான்றையும் எஞ்சினையும் ஒப்பிட்டார். பம்ப்புக்கு மேலே பிளாக்கில் அடித்திருந்த எண் சான்றில் இல்லை. துடைத்துப் பார்த்தால் வார்ப்பில் ஏ.டி.இ. என்று இருந்தது. 1980களில் யாரோ பழைய பெர்க்கின்ஸை இறக்கிவிட்டு ஏ.டி.இ. 152ஐ ஏற்றியிருக்கிறார்கள். உதிரிபாகத்தைப் பொறுத்தவரை ஒரே எஞ்சின்தான், காகிதத்தில் அப்படியில்லை. எஞ்சின் மாறிய வண்டிக்குப் போலீஸ் அனுமதிச் சான்று வாங்கித்தான் பதிவைத் திருத்த முடியும். எரு ஏற்றிவர இரண்டு கிலோமீட்டர் பொதுச்சாலை வழியாகப் போக வேண்டியிருந்ததால் பதிவில்லாமல் காலந்தள்ள வழியில்லை. பணத்தில் 10,000ஐ நிறுத்திவைத்து, சான்று வந்ததும் தருவதாக எழுதிக்கொண்டார்கள். விற்றவரும் ஒத்துக்கொண்டார். ஏழு வாரம் ஆயிற்று. கைமாறிய 21 நாளுக்குள் புதியவர் பதிவு செய்ய வேண்டும் என்பதால், விற்பனைத் தேதியைச் சான்று வந்த பிறகே போட்டார்கள். அதுவரை வண்டி சாலையில் இறங்கவில்லை.

ஓட்டத் தொடங்குமுன் செய்தவை

ஜூலை மாத வறட்சியில் வேலை நடந்தது. எஞ்சினுக்கு 7 லிட்டர் எண்ணெய், டீசல் ஃபில்டர், எண்ணெய்க் குளியல் ஏர் கிளீனரின் அடித்தட்டைக் கழுவிப் புது எண்ணெய். கியர்பெட்டியை வடித்து, விலை குறைந்த எண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் ஓட்டி மறுபடி வடித்து, ஹைட்ராலிக் பம்ப்பின் சல்லடையைக் கழுவிய பிறகே நல்ல எண்ணெய் ஊற்றினார்கள். இந்தச் செலவு 3,900. பிரேக் ஷூ, இரு பக்க அச்சு சீல் 5,600. கிங்பின் புஷ், ஸ்டீயரிங் மூட்டு 3,200. முன் டயர் இரண்டு 3,400. பி.டி.ஓ. மூடியும் தண்டு உறையும் 1,100. வண்டியை ஏற்றிவந்த லாரிக்கு 2,800.

பெரிய செலவு, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டமும் இடுப்பு வாரும், 12,500 ரேண்ட். லிச்சி மரத்தடியில் போக வேண்டியிருந்ததால் மடக்கும் வகை. சட்டம் நிமிர்ந்திருக்கும்போது வார் கட்ட வேண்டும், மடக்கியிருக்கும்போது கட்டக்கூடாது. மடக்கிய நிலையில் கவிழ்ந்தால் வார் ஆளை வண்டியோடு பிடித்துவைத்துவிடும். பட்டறையில் கிடைத்த குழாயை வளைத்துப் பற்றவைத்துத் தருவதாக ஒருவர் பாதி விலை சொன்னார். வேண்டாம் என்றது சரியான முடிவு. சோதித்துச் சான்றளித்த சட்டம் கவிழும்போது ஆற்றலை வாங்கிக்கொண்டு வளையும். கைவேலைச் சட்டம் பற்றவைத்த இடத்தில் அறும்.

சக்கர அகலத்தையும் மாற்றினார்கள். முந்தையவர் குறுகிய வரிசைக்காகப் பின்சக்கரத்தை 52 அங்குலத்தில் வைத்திருந்தார். 135இல் ரிம்மையும் நடுத்தட்டையும் திருப்பிப் பூட்டி 48 அங்குலத்திலிருந்து 76 வரை 4 அங்குலப் படியில் கூட்டலாம். 60இல் வைத்தார்கள். காய்கறிப் பாத்தியும் அந்த அளவுக்கே போடப்பட்டது. அகலம் கூடிய அளவுக்குச் சரிவில் நிலையும் கூடும். திருப்பும்போது டயர் வரிகளின் திசை தலைகீழாகாமல் இடது வலது சக்கரங்களை மாற்றிப் பூட்ட வேண்டும். முதல் முறை பூட்டியதில் திசை மாறிப்போய் மறுநாள் கழற்றி மாட்டினார்கள். பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பியது கடைசி வேலை.

முதல் பருவம்

செப்டம்பர் உழவு குறித்த வாரத்தில் முடிந்தது. அக்டோபரில் ஸ்லாஷர் ஓடும்போது வெப்ப முள் சிவப்புக்கு ஏறியது. தலை கேஸ்கெட்டோ என்று பயந்து நிறுத்தினார்கள். ரேடியேட்டரை எட்டிப் பார்த்தால் கினிப்புல் விதையும் பஞ்சும் கம்பளம் போல் அப்பியிருந்தது. அதன்பின் இரண்டு மணிக்கொரு முறை பின்பக்கமிருந்து முன்னால் தள்ளித் துடைக்கிறார்கள். முன்னாலிருந்து ஊதினால் குப்பை இன்னும் உள்ளே போய்ச் செருகும்.

சரிவுக்கு நான்கு கட்டுப்பாடு வைத்தார்கள். 14 டிகிரி மூலையில் டிராக்டர் இறங்காது, அங்கே கைக்கத்திதான். மற்ற சரிவில் குறுக்கே போகாமல் மேலும் கீழுமாக வெட்டுவது. ஏறிய கியரிலேயே இறங்குவது, நடுவில் கிளட்சைத் தொடக்கூடாது. பிரேக் இல்லாத டிரெய்லரில் இறக்கத்துக்கு அரை பாரம் மட்டும். நவம்பரில் ஒருமுறை ஈரப் புல்லில் முழுப் பாரத்தோடு இறங்கியபோது பின்சக்கரம் பூட்டியும் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு நாலைந்து மீட்டர் வந்தது. டிரெய்லர் கட்டுப்பாடு அன்று வந்ததுதான்.

கிளட்ச்

டிசம்பரில் அடர்ந்த புல்லில் ஸ்லாஷரின் சத்தம் மாறியது. எஞ்சின் வேகம் குறையாமலே கத்தியின் வேகம் குறைந்தது. கருகல் வாடை வந்தது. மெக்கானிக் ஆகஸ்டில் அடிமூடியைத் திறந்து சரிசெய் போல்ட்டுகளைத் திருகியிருந்தார். அதில் சுழல்வது நின்றது, வழுக்கல் நிற்கவில்லை.

வண்டியை நடுவில் பிரிக்க வேண்டியதாயிற்று. பானெட், டீசல் தொட்டி, ஸ்டீயரிங் இணைப்பு கழற்றி, கியர்பெட்டிக்கு அடியில் தாங்கி கொடுத்தார்கள். முன் அச்சு நடுப் பின்னில் ஆடக்கூடியது. அதன் இரு பக்கமும் மர ஆப்பு அடிக்காமல் பிரித்தால் முன்பாதி எஞ்சினோடு பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஆப்பு இறுக்கிய பிறகே எஞ்சின் பாதியை முன்னால் உருட்டினார்கள்.

உள்ளே பி.டி.ஓ. தட்டின் ஒரு பக்கம் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. கிராங்க் தண்டின் பின் சீலிலிருந்து வந்த எண்ணெய். ஜூலையில் கண்ட இரண்டு சொட்டும் இதேதான். எண்ணெய் பட்ட தட்டு ஒரு வெப்பத்தில் ஒட்டி இழுக்கும், இன்னொரு வெப்பத்தில் வழுக்கும். முழுதும் மிதித்தும் தண்டு சுழன்றது ஒட்டலால், டிசம்பரில் கத்தியின் வேகம் குறைந்தது வழுக்கலால். தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டு குறையும் ஒரே குறை.

கிளட்ச் செட், பின் சீல், பிளைவீல் கடைசல், கூலி எல்லாம் 14,200. அதுவரை ஆன செலவு 1,06,500, மொத்தம் 1,20,700. ஒதுக்கியதைவிட 700 அதிகம்.

ஓராண்டு கழித்து

புதுக் கேபிளோடு ஓடிய மீட்டர் 104 மணி காட்டியது. மகள் போட்ட கணக்கை ஒட்டி வந்தது. ஸ்லாஷர் வேலைக்கு மணிக்கு 4 முதல் 5 லிட்டர் டீசல். கியர்பெட்டி எண்ணெய் தெளிவாக இருக்கிறது. வண்டிக்குக் கூரை போட்டாயிற்று. ஸ்டீயரிங் கனம் மட்டும் மாமனாருக்குச் சிரமம். பவர் ஸ்டீயரிங் மாட்டலாமா என்ற பேச்சு நடக்கிறது. ஆண்டுக்கு 100 மணிக்கு அது தேவையில்லை என்பது மருமகன் கட்சி.

மறுபடி வாங்கினால் மாற்றுவது

எஞ்சின் எண்ணையும் சான்றையும் முதல் போக்கிலேயே ஒப்பிடுவார்கள், மெக்கானிக்குக் கூலி கொடுப்பதற்கு முன்னால். எண் ஒத்துவராவிட்டால் வண்டியை விட வேண்டியதில்லை. விலையையும் தேதியையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சின் கூட்டின் அடித்துளையில் எண்ணெய் சொட்டி, கூடவே கிளட்சிலும் ஏதாவது கோளாறு இருந்தால், வண்டியைப் பிரிக்கும் செலவு முழுதையும் விலையில் கழித்துக் கேட்பார்கள். வெருலம்காரர் நியாயமானவர், ஜூலையிலேயே கேட்டிருந்தால் பாதியாவது குறைத்திருப்பார் என்று மகள் நினைக்கிறார்.

பி.டி.ஓ. சோதனை வெறும் தண்டில் போதாது. அன்று ஸ்லாஷர் பூட்டியிருந்தும் அதைத் தூக்கிப் பார்க்க மட்டுமே பயன்படுத்தினார்கள். மூட்டைகளை இறக்கிவிட்டு அடர்ந்த புல்லில் 20 நிமிடம் வெட்டியிருந்தால் தட்டு சூடேறி அன்றைக்கே வழுக்கியிருக்கக்கூடும். இப்போது பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் டிராக்டர் தேடுகிறார். அவரோடு பார்க்கப் போகும்போது மருமகன் இந்த ஸ்லாஷரையும் பக்கி வண்டியில் (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) ஏற்றிக்கொண்டுதான் போகிறார்.